"எல்லாருக்கும்தானே கொவிட்?": சிவியில் விழுந்த பள்ளத்தை எழுதும் முறை

சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் பதவி உயர்வுக் கோப்பில் 'பெருந்தொற்றால் நேர்ந்த பாதிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. அரைப் பக்கம். விருப்பமிருந்தால் நிரப்பலாம். 2022 கடைசியில் அதைப் பற்றி ஒரு மூத்தவரிடம் யோசனை கேட்டேன். "எல்லாருக்கும்தானே கொவிட்? விட்டுடு, சாக்குச் சொல்ற மாதிரி இருக்கும்" என்றார். விட்டுவிட்டேன். அந்த முறை என் கோப்பு தள்ளிப்போனது. காலிக் கட்டம்தான் காரணம் என்று சொல்லமாட்டேன், கட்டுரை எண்ணிக்கையே குறைவுதான். ஆனால் ஏன் குறைந்தது என்று படிப்பவருக்குச் சொல்ல அந்தக் கோப்பில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்த முறை எழுதினேன். அதிலிருந்து இங்குள்ள பல்கலைக்கழகங்களில் வேலை பார்க்கும் தோழிகள், போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) தம்பிகள் என்று யாராவது ஒருவர் "அக்கா, அந்தக் குறிப்பை அனுப்புங்களேன்" என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அப்போது கைக்குழந்தை வைத்திருந்தவர்களின் கோப்புகள் இப்போதுதானே மேசைக்கு வருகின்றன. என் குறிப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் உங்களுக்குப் பயன்படாது. எழுதிய முறையைச் சொல்கிறேன்.

முதலில், எதை எழுதப்போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். என் வேலை சுங்கை பூலோ அலையாத்திக் காட்டுச் சேற்றில். மாதம் ஒருமுறை நீர் வற்றும் நேரம் பார்த்துப் போய், அதே ஆறு இடங்களில் வண்டல் எடுத்து வந்து, அதில் என்னென்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். 2019 செப்டம்பரில் தொடங்கிய பன்னிரண்டு மாத வரிசை அது. 2020 ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் போக முடியவில்லை. என் மாணவர் ஒருவர் அந்த மூன்று மாதத்துக்கும் அட்டவணையில் சுழியம் போட்டுக் கொண்டுவந்தார். சுழியம் என்றால் அளந்து பார்த்தோம், ஒன்றுமில்லை என்று அர்த்தம். அளக்கவே இல்லையென்றால் கட்டத்தைக் காலியாக விட்டுப் பக்கத்தில் காரணத்தை எழுத வேண்டும். இதை அரை மணி நேரம் அவருக்கு வகுப்பெடுத்தேன். அன்று இரவு என் சிவியைத் திறந்தால், 2021க்கு நேரே ஒரு கட்டுரையும் இல்லை, காரணமும் இல்லை. நானும் சுழியம்தான் போட்டு வைத்திருந்தேன்.

நாட்காட்டியிலிருந்து தொடங்குங்கள்

நினைவிலிருந்து எழுத உட்காராதீர்கள். எனக்கு 2020 முழுவதுமே ஒரே நாளாகத்தான் நினைவிருக்கிறது: சின்னவன் மேசைக்கடியில், மூத்தவள் திரைக்கு முன்னால், குக்கர் விசில். அதை வைத்துக்கொண்டு பதவி உயர்வுக் குழுவிடம் போய் நிற்க முடியாது.

தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் நாட்டில் நடந்ததை எழுதுங்கள். இவை யாரும் மறுக்க முடியாத தேதிகள். 2020 பிப்ரவரி 7 அன்று நோய் விழிப்புநிலை ஆரஞ்சு ஆனது. அடுத்த வாரமே பெரிய வகுப்புகள் இணையத்துக்குப் போகத் தொடங்கின. மார்ச் 23 நள்ளிரவோடு குறுகிய கால வருகையாளர்கள் உள்ளே வருவது நின்றது. ஏப்ரல் 7இல் சர்க்கிட் பிரேக்கர், அதாவது இங்கத்திய ஊரடங்கு. ஏப்ரல் 8இலிருந்து பள்ளிகள் முழுவதும் வீட்டிலிருந்தே கற்றல். பாலர் பள்ளிகளும் மூடல், மிகத் தேவையான பணியில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் விதிவிலக்கு. ஜூன் விடுமுறையை முன்னே இழுத்து மே 5 முதல் ஜூன் 1 வரை ஆக்கினார்கள். ஜூன் 2இல் பள்ளி திறந்தாலும், தேர்வு ஆண்டில் இல்லாத வகுப்புகளுக்கு ஒரு வாரம் பள்ளி, ஒரு வாரம் வீடு. ஜூன் 29இலிருந்துதான் எல்லாருக்கும் தினமும் பள்ளி.

அதோடு முடிந்தது என்று எழுதிவிடாதீர்கள். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். 2021 மே 19 முதல் 28 வரை மறுபடியும் வீட்டிலிருந்தே கற்றல். செப்டம்பர் 27 முதல் அக்டோபர் முதல் வாரம் வரை தொடக்கநிலை 1 முதல் 5 வரை இன்னொரு முறை. 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி தொடங்கியது 2021 டிசம்பர் 27இல்தான். இடையில் யாருக்காவது மூக்கு ஒழுகினால் பாலர் பள்ளி வாசலிலிருந்தே திரும்பி வந்த நாட்கள் தனி.

வலப்பக்கத்தில் உங்கள் வீடு. என் வலப்பக்கம் இப்படி இருந்தது. மூத்தவள் தொடக்கநிலை 1, சின்னவன் நர்சரி 1. மார்ச் 23க்கு நேரே: "ஏப்ரலில் வரவிருந்த அம்மாவின் பயணம் ரத்து." கும்பகோணத்திலிருந்து அம்மா வந்து மூன்று மாதம் இருப்பது எங்கள் வீட்டில் வருடாவருடம் உள்ள ஏற்பாடு, என் களப்பணி மொத்தமும் அதை நம்பித்தான் திட்டமிடப்பட்டிருந்தது. அந்த முறை திருச்சி விமான டிக்கெட் எடுத்ததோடு சரி. அடுத்து அம்மா சாங்கியில் இறங்கியது 2022 ஏப்ரலில். ஏப்ரல் 8க்கு நேரே: "இரண்டு பிள்ளைகளும் முழு நேரமும் வீட்டில். சின்னவனின் பாலர் பள்ளி ஜூன் 8 வரை இல்லை, 61 நாள்."

ஆதாரங்கள் தேட வெளியே எங்கும் போக வேண்டாம். பள்ளியிலிருந்து பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் வந்த அறிவிப்புகள், ஆசிரியையின் வாட்ஸ்அப், பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு எடுத்த தேதிகள் (வருடத்துக்கு ஆறு நாள், எனக்கு மார்ச்சிலேயே தீர்ந்திருந்தது), களக் குறிப்பேடு, அனுப்பிய மின்னஞ்சல்களின் நேரம். என் மின்னஞ்சல்களைக் காலை, மாலை என்று பிரித்துப் பார்த்தேன். சர்க்கிட் பிரேக்கர் முழுவதும் விடியற்காலை ஐந்து முதல் ஏழரை வரை ஒரு குவியல், இரவு பத்துக்கு மேல் ஒரு குவியல், நடுவில் வெறும் வெளி. கணவர் வங்கியில் ஐடி. அவருக்கு லண்டன்காரர்களோடு பிற்பகல் மூன்றிலிருந்து கூட்டம். ஆய்வுக்கு வாரம் இருபது மணி நேரம் கிடைத்துக்கொண்டிருந்த இடத்தில் நான்கு மணி நேரம் கிடைத்தது என்று என்னால் எழுத முடிந்தது அந்தக் குவியல்களை எண்ணியதால்தான். "மிகவும் சிரமமாக இருந்தது" என்பதைவிட "20 மணி நேரம் 4 ஆனது" என்பதைத்தான் குழு நினைவில் வைத்துக்கொள்ளும்.

மூன்று மாதம் எப்படிப் பன்னிரண்டு மாதமானது

குறிப்பிலேயே முக்கியமான பத்தி இதுதான். பெரும்பாலோர் எழுதாமல் விடுவதும் இதைத்தான்.

என் குறிப்பின் முதல் வரைவைக் கும்பகோணத்துக்குப் போன் போட்டு அம்மாவிடம் தமிழில் வாசித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "மூணு மாசந்தானடி போவல? அதுக்கு ஏன் மூணு வருசம் கட்டுரை வரல?" என்றார். அம்மா எட்டாம் வகுப்பு. குழுவில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியர் நாகரிகம் கருதிக் கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொள்ளும் கேள்வியை அம்மா நேராகவே கேட்டுவிட்டார்.

அதற்குப் பதில் இது. சிங்கப்பூரில் டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு. நடுவில் ஏப்ரல், மே இடைப்பருவம். விட்டுப்போன மாதங்களை ஜூலையில் போய் ஈடுகட்ட முடியாது, அது வேறு காற்று, வேறு மழை. அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். 2021 மேயில் சரியாக மாதிரி எடுக்கும் வாரத்தில் மறுபடியும் பள்ளி வீட்டுக்கு வந்தது. அந்த முறை மாணவர்கள் போனார்கள், நான் தொலைபேசியில் நீர்மட்டம் சொல்லிக்கொண்டிருந்தேன். வரிசை முழுமையானது 2021 ஜூனில். பகுப்பாய்வு 2022. கட்டுரை வெளிவந்தது 2023. ஆக 2020இல் விழுந்த பள்ளம் சிவியில் 2021லும் 2022லும் தெரிகிறது. தேதி தெரியாதவர் பார்த்தால், பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிய பிறகு இவள் சோம்பேறியாகிவிட்டாள் என்றுதான் நினைப்பார்.

உங்கள் துறைக்கு இது வேறு வடிவில் இருக்கும். ஆவணக் காப்பகம் மூடியிருக்கலாம், நேர்காணல் கொடுக்க ஒப்புக்கொண்டவர்கள் மனம் மாறியிருக்கலாம், ஆய்வு எலிகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லியிருக்கலாம். எந்தக் கண்ணி அறுந்தது, அதன் பின்னால் எது எது வரிசையில் நின்றது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். தொடங்காமலே போன வேலையையும் எழுதுங்கள். 2021 ஜனவரியில் ஆய்வாளர்களிடம் எடுத்த ஒரு பன்னாட்டுக் கருத்தாய்வு, ஆய்வு நேரம் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டாலும் புதிதாகத் தொடங்கிய திட்டங்கள் குறைந்துவிட்டன என்று காட்டியது. பெண்களிடமும் சிறு குழந்தை உள்ளவர்களிடமும் அந்தக் குறைவு கூடுதல். தொடங்காத திட்டத்துக்குத் தோல்விக் கடிதம்கூட வராது. அது எங்கேயும் பதிவாகாது, நீங்கள் எழுதினால் ஒழிய.

"அப்ப சும்மா இருந்தியா?"

அம்மாவின் அடுத்த கேள்வி இது. ஆய்வு இல்லாத நேரத்தில் செய்த வேலையை எழுதுங்கள். நம்மூர் செமஸ்டர் கணக்கில் ஏப்ரல் முதல் வாரம் என்றால் பாடம் முடியும் நேரம், அடுத்து தேர்வு. இருநூறு பேர் மண்டபத்தில் எழுதவேண்டிய தேர்வை இரண்டு வாரத்தில் இணையத்துக்கு மாற்றினோம். ஆகஸ்ட் செமஸ்டருக்கு 22 விரிவுரைகளைப் பதிவு செய்தேன். எங்கே தெரியுமா, சுவா சூ காங் நாலறை வீட்டின் பாம் ஷெல்ட்டரில், ஆபத்தில் பதுங்க வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் கெட்டிச் சுவர் அறையில். அரிசி மூட்டை, தள்ளுவண்டி, கொலு பொம்மைப் பெட்டிகள், நடுவில் நான். அந்தச் சுவருக்குள் வைஃபை வராது, ஆகவே நேரலை வகுப்பு எடுக்க முடியாது; ஆனால் பிள்ளைகளின் சத்தமும் வராது, பதிவுக்கு அதைவிட நல்ல அறை இல்லை. கதவை மட்டும் முழுக்கச் சாத்திவிடாதீர்கள், வேர்த்து ஊற்றும்.

பாம் ஷெல்ட்டர் கதை குறிப்பில் வரக்கூடாது, சொல்லிவிடுகிறேன். "22 விரிவுரைகள் புதிதாகப் பதிவு, அதே பதிவுகளை அடுத்த இரண்டு ஆண்டும் சக ஆசிரியர்கள் பயன்படுத்தினர், ஊர் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்ட முனைவர் பட்ட மாணவருக்கு வாரம் இருமுறை சந்திப்பு" என்று எழுதினேன். நகைச்சுவையும் கண்ணீரும் சாப்பாட்டு மேசையில் நன்றாக எடுபடும், கோப்பில் எடுபடாது.

பிள்ளைகளைப் பற்றியும் அப்படித்தான். எத்தனை பேர், அப்போது என்ன வயது, பள்ளி எத்தனை நாள் இல்லை. அவ்வளவு போதும். பெயர் வேண்டாம், நோய் வேண்டாம், "கவனக்குறைபாடு உள்ள மகன்" போன்ற விவரம் வேண்டவே வேண்டாம். அந்தக் கோப்பு எத்தனை பேர் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. பிள்ளை நாளைக்கு அதே பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். வீட்டில் பணிப்பெண் இருந்தால் மறைக்காதீர்கள். சிங்கப்பூரில் படிப்பவர் முதலில் நினைப்பதே அதைத்தான். "வீட்டுவேலைக்கு உதவி இருந்தது, பள்ளிப்பாடம் பெற்றோர் பொறுப்பில் இருந்தது" என்று ஒரே வரியில் முடியுங்கள். ஏழு வயதுக் குழந்தையைக் கற்றல் தளத்துக்குள் நுழையவைத்து, கடவுச்சொல்லை நான்காவது முறை மாற்றி, மலாய் தெரியாத வீட்டில் மலாய்ப் பாட்டுக்கு ஆட்டம் போடவைத்தவர்களுக்கு அந்த வரியின் கனம் தெரியும்.

ஆய்வுகளை ஊறுகாய்போலத் தொட்டுக்கொள்ளுங்கள்

படித்த ஆய்வுக் கட்டுரைகளையெல்லாம் அடுக்கும் ஆசை வரும். நம் தொழில்புத்தி. ஒன்று போதும், அதிகம் போனால் இரண்டு. நான் பயன்படுத்தியது 2020இல் நேச்சர் ஹியூமன் பிஹேவியரில் வந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுமார் 4,500 ஆய்வாளர்களிடம் கேட்டதில், மற்றக் காரணங்களைக் கழித்த பிறகும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ளவர்களின் ஆய்வு நேரம் கூடுதலாக 17 விழுக்காடு சரிந்திருந்தது. பெண் என்பதற்கான கூடுதல் சரிவு 5 விழுக்காடு. "எல்லாருக்கும்தானே கொவிட்?" என்பதற்கு என்னிடம் இருந்த பதில் அந்த 17தான்: எல்லாருக்கும் வந்தது, ஒரே அளவில் வரவில்லை. இன்னொன்று வேண்டுமென்றால் எல்செவியரின் 2,329 இதழ்களுக்கு வந்த கட்டுரைகளை வைத்துச் செய்த ஆய்வு. முதல் அலையில் ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்கள் அனுப்பியது குறைவு என்று கண்டது. ஆனால் அமெரிக்க, ஐரோப்பியச் சராசரி உங்கள் வீட்டுக்குச் சாட்சி ஆகாது. உங்கள் 61 நாள்தான் சாட்சி. சராசரி அதற்குப் பக்கத்தில் சும்மா நிற்கட்டும்.

நீட்டிப்பு என்ற இரட்டைக் கத்தி

பல பல்கலைக்கழகங்கள் டென்யூர் (நிரந்தரப் பதவி) கணக்குக்கு ஓராண்டு கூட்டித் தந்தன. எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. கொவிட்டுக்கு முன்பே 2018இல் அமெரிக்கன் எக்கனாமிக் ரிவியூவில் ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்காவின் முன்னணிப் பொருளியல் துறைகளில், குழந்தை பிறந்தால் ஆண் பெண் இருவருக்கும் ஒரேபோல நீட்டிப்பு தரும் கொள்கை வந்தபின், ஆண்கள் நிரந்தரப் பதவி பெறும் வாய்ப்பு கூடியது, பெண்களுக்குக் குறைந்தது. நீட்டிய காலத்தில் ஆண்கள் கூடுதலாக உயர்தர இதழ்களில் கட்டுரை போட்டார்கள். அவர்களைத் திட்டி என்ன பயன்.

நடைமுறையில் இரண்டு விஷயம் செய்யுங்கள். வெளி மதிப்பீட்டாளர்களுக்குத் துறையிலிருந்து போகும் கடிதத்தில், "இந்த ஓராண்டைக் கூடுதல் ஆண்டாகக் கணக்கிட வேண்டாம்" என்று ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். வாய்மொழியாக அல்ல, மின்னஞ்சலில். பிறகு, ஓராண்டு தள்ளிப்போனால் சம்பள உயர்வும் ஓராண்டு தள்ளிப்போகும் என்பதை வீட்டில் உட்கார்ந்து வெள்ளிக் (டாலர்) கணக்காகப் போட்டுப் பாருங்கள். நாங்கள் போடவில்லை. பிறகு போட்டோம், போட்டிருக்கவேண்டாம் என்று தோன்றியது.

அப்பாக்களே, நீங்களும் எழுதுங்கள். என் சக ஊழியர் ஒருவரின் மனைவி மருத்துவமனையில் தாதி. சர்க்கிட் பிரேக்கர் முழுக்க இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டது அவர்தான். "ஆம்பள இதையெல்லாம் எழுதினா சிரிப்பாங்க" என்று எழுதாமல் விட்டார். அவர் எழுதாததால் இன்னொரு தீமையும் உண்டு: குழு பார்ப்பதெல்லாம் பெண்களின் குறிப்பு மட்டுமாகிவிடுகிறது, இது ஏதோ பெண்கள் பாடும் பல்லவி என்று ஆகிவிடுகிறது.

நீளமும் தொனியும்

பதவி உயர்வுக் கோப்புக்கு அரைப் பக்கம். ஆய்வு நிதி விண்ணப்பத்துக்கு நான்கு வரியும் ஒரு சிறு அட்டவணையும். வேலை விண்ணப்பக் கடிதத்தில் ஒரே வாக்கியம், அதுவும் கட்டுரைப் பட்டியலைப் பற்றிப் பேசும் பத்திக்குள். ஆஸ்திரேலிய நிதி அமைப்புகளுக்கு எழுதுகிறீர்கள் என்றால் அவர்கள் படிவத்திலேயே கிடைத்த வாய்ப்போடு ஒப்பிட்டுச் சாதனையைச் சொல்லும் பகுதி உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தில் தாய்மாருக்குப் பிள்ளைக்கு 18 மாதம் வீதம் தகுதிக் காலம் நீட்டப்படும். அது பெருந்தொற்றோடு சேர்ந்ததல்ல, தனி.

தொனிக்கு ஒரு எடுத்துக்காட்டு. என் முதல் வரைவு: "துரதிர்ஷ்டவசமாக, குடும்பப் பொறுப்புகள் காரணமாக எதிர்பார்த்த அளவு ஆய்வில் ஈடுபட இயலாமைக்கு வருந்துகிறேன்." வெட்டிப் போட்டேன். போனது இது: "2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை களம் மூடப்பட்டது, அதே காலத்தில் 7, 3 வயதுப் பிள்ளைகளின் பள்ளிகள் முழுமையாக இயங்கவில்லை. மூன்று மாத மாதிரிகள் விடுபட்டன. பருவ வரிசைக்கு அதே மாதங்கள் தேவை என்பதால் திட்டம் 2021 ஜூனில் முடிந்தது. தொடர்புள்ள இரு கட்டுரைகள் 2021க்குப் பதில் 2023இல் வெளிவந்தன." ஆங்கிலத்தில்தான் கொடுத்தேன், ஆனால் தமிழில் எழுதிப் பார்த்தபோதுதான் "துரதிர்ஷ்டவசமாக" எவ்வளவு அசடு வழிகிறது என்று தெரிந்தது. 'வருந்துகிறேன்' எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு தேதியைப் போடுங்கள்.

முடித்ததும் பிள்ளை இல்லாத, வேறு துறைக்காரர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். இன்னொரு அம்மாவிடம் கொடுத்தால் மூன்றாவது வரியில் கண் கலங்கி, தன் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார். எனக்கு வாசித்துக் கொடுத்தவர் ஒரு கணிதக்காரர். ஒரே ஒரு இடத்தில் பென்சில் வைத்தார்: "ஜூலையில் ஏன் போகவில்லை?" பருவக்காற்று வரி அப்போதுதான் சேர்ந்தது.

இரண்டாம் முறை கோப்பு போனபோது மதிப்பீட்டாளர் ஒருவரின் குறிப்பு எனக்குக் காட்டப்பட்டது, பெயரில்லாமல். பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. 2020 மார்ச்சையும் 2021 ஏப்ரலையும் ஒரே வரிசையில் சேர்த்தது சரியா, இரண்டு ஆண்டுகளின் மழையளவை ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்று கேட்டிருந்தார். ஒப்பிட்டிருந்தோம். அட்டவணையைத் திறந்து, காலியாக இருந்த மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில் இருந்த குறிப்பை அப்படியே எடுத்து ஒட்டி அனுப்பினேன்.